வெள்ளைக்கருவிலிருந்து லைசோசைம் படிகம் வரை

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் 10% புரதம். அதில் பாதிக்கு மேல் ஓவால்புமின். பாக்டீரியாச் சுவரை வெட்டும் என்சைமான லைசோசைம் அந்தப் புரதத்தில் 3.4% அளவுதான். ஆனாலும் ஒரு புரதத்தைப் பிரிப்பது, அளப்பது, ஜெல்லில் ஓட்டுவது, படிகமாக்குவது ஆகிய நான்கையும் ஒரே பொருளில் செய்து பழக இதைவிட நல்ல புரதம் கிடையாது. காரணம் அதன் மின்சுமை. ஒரு புரதத்தின் நிகர மின்சுமை சுழியாகும் பிஹெச் அளவைச் சமமின் புள்ளி என்கிறோம். ஓவால்புமினுக்கு அது 4.5, ஓவோடிரான்ஸ்ஃபெரினுக்கு 6.1, லைசோசைமுக்கோ 11 பக்கம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது. தவறும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கும் காரணம் பிஹெச் அல்லது உப்புதான். அதனால் நல்ல பிஹெச் மீட்டரும், முடிந்தால் கடத்துதிறன் மீட்டரும் மேசையில் இருக்கட்டும்.

முட்டையும் பஃபரும்

இரண்டு முட்டை போதும். ஏறத்தாழ 60 மில்லி வெள்ளைக்கரு கிடைக்கும். அன்று இட்ட முட்டையைத் தேட வேண்டாம். புதிய முட்டையின் வெள்ளைக்கரு பிஹெச் 7.6 அளவில் கெட்டியாக இருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஹெச் 9-ஐத் தாண்டும். கெட்டிப் பகுதி இளகி நீர்த்துப்போகும். ஒரு வாரம் ஆன முட்டை வடிகட்டச் சுலபம். மஞ்சள்கரு ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. பின்னால் லைசோசைமைப் பிடிக்கப்போகும் எதிர்மின்சுமை மணிகளான ரெசினில் கொழுப்பு ஒட்டினால் கழுவி எடுப்பது பெரும்பாடு. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பெரிய பீக்கரில் சேர்க்கவும்.

பஃபர் (பிஹெச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்): 50 மில்லிமோலார் டிரிஸ், 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஹெச் 8.2. டிரிஸ் வெப்பநிலைக்கு மிகவும் அசையும். ஒரு டிகிரி ஏறினால் பிஹெச் சுமார் 0.03 இறங்கும். 25 டிகிரியில் 8.2 என்று சரிசெய்து குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அங்கே அது 8.8-ஐ ஒட்டி இருக்கும். வேலை செய்யப்போகும் வெப்பநிலையிலேயே அளந்து சரிசெய்யுங்கள்.

ஏன் 8.2? அந்த அளவில் ஓவால்புமின், ஓவோமியூகாய்டு, ஓவோடிரான்ஸ்ஃபெரின் எல்லாம் எதிர்மின்சுமை கொண்டவை. லைசோசைம் மட்டும் வலுவான நேர்மின்சுமை கொண்டது. பிஹெச் 5-க்கு இறக்கினால் ஓவோடிரான்ஸ்ஃபெரினும் நேர்மின்சுமை பெற்று ரெசினில் ஒட்டும். 10-க்கு மேல் ஏற்றினால் லைசோசைமே தன் மின்சுமையை இழக்கத் தொடங்கும். அவிடின் மட்டும் விதிவிலக்கு. அதன் சமமின் புள்ளி 10 என்பதால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நல்லவேளையாக வெள்ளைக்கருவில் அது மிக மிகக் கொஞ்சம்.

60 மில்லி வெள்ளைக்கருவில் 180 மில்லி பஃபரைச் சிறிது சிறிதாக ஊற்றி, 30 நிமிடம் மெதுவாகக் கலக்கவும். நுரை எழக் கூடாது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து உருக்குலையும். நுரையில் போனது திரும்பி வராது. பிறகு நான்காக மடித்த மல்துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் 10,000 ஜி (புவியீர்ப்பின் 10,000 மடங்கு) விசையில் 20 நிமிடம் 4 டிகிரியில் சுழற்றித் தெளிநீரை எடுக்கவும்.

துணியில் தங்கும் சளி போன்ற பொருள் ஓவோமியூசின். இதில்தான் விளைச்சல் களவு போகும். வெறும் தண்ணீரில் நீர்க்கச் செய்து பிஹெச் 6-க்கு இறக்கினால் ஓவோமியூசின் அழகாக வீழ்படியும். தெளிநீர் கண்ணாடி போல வரும். ஆனால் ஓவோமியூசின் எதிர்மின்சுமை, லைசோசைம் நேர்மின்சுமை. உப்பு இல்லாத நீரில் இரண்டும் இறுகப் பிணைந்துகொள்ளும், லைசோசைமின் ஒரு பங்கு வீழ்படிவோடு குப்பைக்குப் போய்விடும். 50 மில்லிமோலார் உப்பு அந்தப் பிணைப்பைத் தளர்த்துவதற்காகத்தான். தெளிநீர் சற்றே கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, உப்பைக் குறைக்க வேண்டாம்.

ரெசின்

சி.எம். செஃபரோஸ் ஃபாஸ்ட் ஃப்ளோ, படிந்த அளவில் 10 மில்லி. 60 மில்லி வெள்ளைக்கருவில் எதிர்பார்க்கும் லைசோசைம் ஏறத்தாழ 200 மில்லிகிராம். அதற்கு இந்த அளவு தாராளம். ரெசின் 20% எத்தனாலில் வரும். தண்ணீரில் கழுவி, பிறகு குறைந்தது ஐந்து மடங்கு பஃபரில் கழுவவும். கழுவிய நீரின் பிஹெச், பஃபரின் பிஹெச்சோடு ஒத்துப்போகும் வரை நிறுத்தக் கூடாது. ரெசினே ஒரு வலுக்குறைந்த அமிலம் என்பதால் அவசரப்பட்டால் தெளிநீரின் பிஹெச்சை அது மாற்றிவிடும்.

தெளிநீரில் ரெசினைச் சேர்த்து ஒரு மணி நேரம் புரட்டவும். சுழல் கலப்பானில் புட்டியைத் தலைகீழாகப் புரட்டுவது நல்லது. காந்தக் கட்டி போடவே போடாதீர்கள். அது பீக்கரின் அடியில் ரெசின் மணிகளை அரைத்துத் தூளாக்கும். தூள் பிறகு வடிகட்டியை அடைக்கும். 15 நிமிடம் படியவிட்டு மேல்நீரை இறுத்து, அரிசி களைவது போல 50 மில்லி பஃபரால் நான்கு முறை அலசவும். முதல் மேல்நீரைக் கொட்டிவிடாதீர்கள். என்சைம் செயல்பாட்டை அளந்து பார்க்கும் வரை அது குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

அலசிய ரெசினைச் சிறு குழலில் ஊற்றி, வெளிவரும் நீரின் ஒளி உறிஞ்சல் 280 நானோமீட்டரில் 0.05-க்குக் கீழ் வரும் வரை பஃபர் விடவும். பின் அதே பஃபரில் 0.5 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்து ஊற்றி, ஒட்டிய லைசோசைமை இறக்கவும். 5 மில்லி வீதம் சோதனைக் குழாய்களில் பிடிக்கலாம். உப்புப் பஃபர் ரெசினை முழுக்க நனைத்ததும் ஓட்டத்தை 10 நிமிடம் நிறுத்திவைத்துவிட்டுத் தொடர்ந்தால் புரதம் குறைந்த கனஅளவில் செறிவாக வரும்.

லைசோசைம் ஒட்டாமல் மேல்நீரிலேயே நின்றுவிட்டால் முதலில் கடத்துதிறனைப் பாருங்கள். வெள்ளைக்கருவிலேயே உப்புகள் உண்டு. மூன்று மடங்கு பஃபர் ஊற்றுவதற்குப் பதில் ஒரு மடங்கு ஊற்றினால் பிணைப்பு தளர்ந்துவிடும். அந்த மேல்நீரை இன்னும் நீர்க்கச் செய்து மறுபடி ரெசினோடு புரட்டினால் போதும், எதுவும் வீணாகாது. கடத்துதிறன் சரியாக இருந்தால் பிஹெச்சைப் பாருங்கள். இரண்டும் சரி, மேல்நீரிலும் செயல்பாடு இல்லை, இறக்கிய பகுதியிலும் குறைவு என்றால் துணியில் தங்கிய ஓவோமியூசினோடு போயிருக்கிறது.

வேலை முடிந்ததும் ரெசினை 2 மோலார் உப்பு, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீர் என்ற வரிசையில் கழுவி 20% எத்தனாலில் வைத்தால் பலமுறை பயன்படும்.

எவ்வளவு கிடைத்தது

இதற்குப் பிராட்ஃபோர்டு முறையை நாட வேண்டாம். அந்தச் சாயம் முதன்மையாக ஆர்ஜினினோடு பிணைவது. 129 அமினோ அமிலங்களில் 11 ஆர்ஜினின் கொண்ட ஒரு புரதத்தை மாட்டு அல்புமினின் அளவுகோலில் வைத்து அளந்தால் எண் தவறும். 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலே நேரான வழி. லைசோசைமில் 6 டிரிப்டோஃபேன், 3 டைரோசின், 4 டைசல்ஃபைடு பிணைப்புகள். அவற்றின் மோலார் உறிஞ்சல் எண்களான 5,500, 1,490, 125 ஆகியவற்றால் முறையே பெருக்கிக் கூட்டினால் 37,970. மூலக்கூறு எடை 14,300-ஆல் வகுத்தால் 2.65. அதாவது மில்லிக்கு 1 மில்லிகிராம் கரைசல் 1 சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு பாத்திரம்) 2.65 காட்டும்.

2.65 என்பது பல கருவிகளின் நம்பகமான எல்லைக்கு வெளியே. நீர்க்கச் செய்து 0.1-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவரவும். 50 மடங்கு நீர்த்த கரைசல் 0.42 காட்டினால், மூலக் கரைசல் 21, 2.65-ஆல் வகுத்தால் மில்லிக்கு 7.9 மில்லிகிராம். குவார்ட்ஸ் குவெட் கட்டாயம். சாதாரண பிளாஸ்டிக் குவெட் 280-ல் தானே ஒளியை விழுங்கும்.

செயல்பாடு

1922-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் லைசோசைமை அறிவித்தபோது அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மஞ்சள் நிற மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாதான். இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். உலர்ந்த மைக்ரோகாக்கஸ் செல்களை மில்லிக்கு 0.15 மில்லிகிராம் வீதம், 66 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஹெச் 6.24-ல் கலக்கவும். 450 நானோமீட்டரில் 0.6 முதல் 0.7 வரை இருக்க வேண்டும். 2.5 மில்லி கலங்கலில் 0.1 மில்லி என்சைம் விட்டு, 25 டிகிரியில் 5 நிமிடம் உறிஞ்சல் இறங்குவதைப் பதிவு செய்யவும். நிமிடத்துக்கு 0.001 இறங்கினால் ஒரு அலகு. நல்ல லைசோசைம் மில்லிகிராமுக்கு 40,000 அலகுக்கு மேல் காட்டும்.

என்சைமை மில்லிக்கு 5 முதல் 10 மைக்ரோகிராமாக நீர்க்கச் செய்தால் கோடு நேராக இறங்கும். அதற்கு மேல் போனால் குவெட்டை மூடுவதற்குள் பாதிச் செல்கள் உடைந்துவிடும். இவ்வளவு நீர்த்த கரைசலை அரை மணி நேரம் விட்டுவைத்து அளக்காதீர்கள். நேர்மின்சுமை கொண்ட புரதம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேசையில் இருக்கும்போதே செயல்பாடு குறைவது போலத் தோன்றும். அளக்கும் நேரத்தில் குளிர்ந்த பஃபரில் நீர்க்கச் செய்யவும்.

ஜெல்

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் அக்ரிலமைடு ஜெல்லில் தூய்மையைப் பார்க்கலாம். 10% ஜெல் இதற்கு ஆகாது. 14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பட்டை சாய முகப்போடு சேர்ந்து ஓடிவிடும். 15% வேண்டும். 10 மில்லி கீழ் ஜெல்லுக்கு: தண்ணீர் 2.3 மில்லி, 30% அக்ரிலமைடு கலவை 5 மில்லி, பிஹெச் 8.8-ல் 1.5 மோலார் டிரிஸ் 2.5 மில்லி, 10% எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) 0.1 மில்லி, 10% அமோனியம் பெர்சல்ஃபேட் 0.1 மில்லி, கடைசியாக ஜெல்லை உறையவைக்கும் ஊக்கியான டெமெட் 4 மைக்ரோலிட்டர். மேல் ஜெல் 5%. உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஜெல் உறையவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை பெர்சல்ஃபேட் பழசாகியிருக்கும். புதிய தூள் தண்ணீரில் பட்டதும் மெல்லப் படபடக்கும். அந்த ஓசை வராத டப்பாவை ஒதுக்கிவிடலாம்.

மூல வெள்ளைக்கரு 20 மைக்ரோகிராம், தூய லைசோசைம் 3 மைக்ரோகிராம், இடையில் மேல்நீர். மெர்கேப்டோஎத்தனால் சேர்த்த மாதிரி பஃபரில் 95 டிகிரியில் 5 நிமிடம். இறக்கிய பகுதியில் 0.5 மோலார் உப்பு இருப்பதால் அப்படியே ஏற்றினால் அந்தத் தடம் விரிந்து பக்கத்துத் தடங்களையும் நெளிக்கும்; ஐந்து அல்லது பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஏற்றவும். செயல்பாட்டுச் சோதனைக்கு வைத்த பொட்டாசியம் பாஸ்பேட்டில் நீர்த்த மாதிரியை ஜெல்லுக்குக் கொண்டுவர வேண்டாம். பொட்டாசியம் எஸ்.டி.எஸ்-ஐ வெண்மையாக வீழ்படியச் செய்துவிடும்.

மூலத் தடத்தில் 45 கிலோடால்டனில் தடித்த ஓவால்புமின், 77 பக்கம் ஓவோடிரான்ஸ்ஃபெரின், 14-ல் மெல்லிய கோடு. ஓவோமியூகாய்டு சர்க்கரை மிகுந்தது என்பதால் 28 அருகே மங்கலாகப் பரவித் தெரியும். சாயம் சரியில்லை என்று நினைக்க வேண்டாம். தூய தடத்தில் 14-ல் ஒரே பட்டை. அதற்குச் சற்று மேலே 16-17 பக்கம் இழையாக ஒன்று தெரிந்தால் அவிடினின் துணை அலகாக இருக்கலாம். படிகமாக்க அது தடையில்லை. 45-ல் பட்டை தெரிந்தால் ரெசினை அலசியது போதவில்லை.

படிகத்துக்குத் தயாராக்கல்

புரதத்தை 50 மில்லிமோலார் சோடியம் அசிடேட், பிஹெச் 4.5-க்கு மாற்ற வேண்டும். இதற்கு டயாலிசிஸ் பை, அதாவது உப்பை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளே நிறுத்தும் சவ்வுப் பை வேண்டும். ஆய்வகங்களில் பொதுவாகக் கிடக்கும் பையின் துளை எல்லை 12-14 கிலோடால்டன். 14.3 கிலோடால்டன் லைசோசைம் அதில் கசிந்து வெளிநீரில் கரைந்து போகும். 3.5 கிலோடால்டன் பையே வேண்டும். இந்த ஒரு வரியைக் கவனிக்காததால் சாக்கடைக்குப் போன லைசோசைமுக்குக் கணக்கில்லை. ஒரு லிட்டர் வெளிநீர், 4 டிகிரி, இரண்டு முறை மாற்றவும்.

பைக்குள் வெண்கலங்கல் தோன்றினால் கலங்க வேண்டாம். மிச்சமிருக்கும் ஓவால்புமினுக்கு 4.5 அதன் சமமின் புள்ளி, அங்கே அதன் கரைதிறன் மிகக் குறைவு. சுழற்றி எடுத்துவிட்டால் கேட்காமலே கிடைத்த இன்னொரு சுத்திகரிப்பு அது. தெளிநீரை 3 கிலோடால்டன் மையவிலக்கு வடிகட்டியில் மில்லிக்கு 50 மில்லிகிராம் வரை செறிவாக்கவும். 200 மடங்கு நீர்த்துப் பார்த்தால் 0.66 காட்ட வேண்டும். தட்டு போடும் முன் 13,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றுவதைத் தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு தூசியும் ஒரு படிகக் கருவாகும். மிச்சக் கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

தொங்கும் துளி

24 குழித் தட்டு. நெடுக்கே ஆறு உப்பு அளவுகள்: 3, 4, 5, 6, 7, 8%. குறுக்கே நான்கு பிஹெச்: 4.2, 4.5, 4.8, 5.1. எல்லாம் 0.1 மோலார் அசிடேட்டில், குழிக்கு அரை மில்லி. சிலிகான் பூசிய 22 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பில் 2 மைக்ரோலிட்டர் புரதம், அதன் மேல் 2 மைக்ரோலிட்டர் குழிக் கரைசல். பிப்பெட்டால் குமிழி ஊதாமல் சேர்த்து, தலைகீழாக்கி, கிரீஸ் வளையத்தில் இடைவெளி இல்லாமல் அழுத்தவும். துளியில் உப்பு பாதி செறிவில் தொடங்குகிறது. நீராவி மெல்லக் குழிக்குப் போகப் போகப் புரதமும் உப்பும் சேர்ந்து செறிவாகின்றன. 20 டிகிரியில் மறுநாளே விளிம்பு கூர்மையான நாற்கோணப் படிகங்கள் தெரியத் தொடங்கும்.

பிஹெச் 4.5-ல் லைசோசைம் மூலக்கூறுகள் எல்லாம் நேர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளுகின்றன. குளோரைடு அயனிகள் அந்தச் சுமையை மறைத்து அவற்றை நெருங்கவிடுகின்றன. இதனால்தான் லைசோசைமைப் பொறுத்தவரை எதிர்மின் அயனிகளின் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ். தயோசயனேட், நைட்ரேட், குளோரைடு, அசிடேட் என்ற வரிசையில் வீரியம் இறங்குகிறது. பல புரதங்களுக்குக் கைகொடுக்கும் அமோனியம் சல்ஃபேட் இங்கே எடுபடாது. நைட்ரேட் போட்டால் படிக வடிவமே வேறாகும்.

துளி நிறைய மணல் போல நுண்படிகம் என்றால் செறிவு மிகை. உப்பை 1% குறைக்கவும், அல்லது புரதத்தை மில்லிக்கு 25 மில்லிகிராமுக்கு இறக்கவும். முழுத் துளியும் பழுப்பாக மண்டினால் புரதம் உருக்குலைந்திருக்கிறது, உப்பைக் குறைத்துப் பயனில்லை; பழைய படிகளுக்குத் திரும்ப வேண்டும். துளி தெளிவாகவே நின்றால் அறை வெப்பநிலையைப் பாருங்கள். நாற்கோண வடிவத்தின் கரைதிறன் வெப்பத்தோடு ஏறும். 25 டிகிரியைத் தாண்டினால் அது பின்வாங்கி வேறு வடிவம் தலைதூக்கும். இரவில் குளிரூட்டியை நிறுத்திவிடும் ஆய்வகத்தில், சென்னை மே மாதத்தில், தட்டை மேசையில் வைத்துப் பயனில்லை. 20 டிகிரி இன்குபேட்டர் வேண்டும். இல்லையென்றால் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வெப்பநிலை அதிகம் ஆடாத உள் அறையில் வைக்கவும். நேரடியாக 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் நுண்படிக மழைதான் பெய்யும்.

வந்தது உப்பா புரதமா என்று சந்தேகம் வந்தால் ஊசியால் தொடவும். உப்பு சொடுக்கென்று உடையும். புரதப் படிகம் மெத்தென நொறுங்கும். அதன் கனஅளவில் சுமார் 40% கரைசல்தான். 79 ஆங்ஸ்ட்ராம் பக்கமும் 38 ஆங்ஸ்ட்ராம் உயரமும் கொண்ட, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகுக் கூட்டில் எட்டு மூலக்கூறுகள் என்று கணக்கிட்டால் இந்த எண் வரும். மெத்திலீன் நீலம் ஒரு சிட்டிகை போட்டாலும் தெரியும், புரதப் படிகம் நீலத்தை உறிஞ்சும்.

பெரிய படிகம் வேண்டுமானால் விதைப்பதே வழி. ஒரு நல்ல படிகத்தை 50 மைக்ரோலிட்டர் குழிக் கரைசலில் நசுக்கி, பத்து பத்து மடங்காக நான்கு முறை நீர்க்கச் செய்து, ஒரு முடியை அதில் தோய்த்து, படிகம் வராத 4% உப்புத் துளியின் குறுக்கே ஒரு கோடு இழுக்கவும். கோட்டின் வழியே மட்டும் படிகம் வளரும். விதையின் வலிமை பழைய சங்கதி. 1946-ல் ஆல்டர்டனும் ஃபெவோல்டும் ரெசின் எதுவும் இல்லாமல், வெள்ளைக்கருவிலேயே 5% உப்பு சேர்த்து, பிஹெச் 9.5-க்கு ஏற்றி, விதைப் படிகம் தூவிக் குளிரில் வைத்து லைசோசைமை நேரடியாகப் படிகமாக்கினார்கள்.

எக்ஸ் கதிருக்கு

கருவி கிடைத்தால், குழிக் கரைசலின் அதே உப்பு அளவோடு 30% கிளிசரால் சேர்த்த கரைசலில் படிகத்தைச் சில நொடிகள் தோய்த்துத் திரவ நைட்ரஜன் ஓட்டத்தில் வைக்கவும். உப்பைச் சேர்க்காமல் கிளிசராலை மட்டும் ஊற்றினால் படிகம் கண்முன்னே விரிசல் விடும். படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரிந்தால் அது பனிக்கட்டி, கிளிசரால் போதவில்லை.

1965-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் ஃபிலிப்ஸின் குழு இதே நாற்கோணப் படிகத்திலிருந்துதான் 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் லைசோசைமின் அமைப்பைக் கண்டது. அமைப்பு தெரிந்த முதல் என்சைம் அது. பாக்டீரியாச் சுவரை வெட்டும் பிளவில் 35-ஆம் குளூட்டாமிக் அமிலமும் 52-ஆம் ஆஸ்பார்ட்டிக் அமிலமும் எதிரெதிரே நிற்பதை உங்கள் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்திலும் காணலாம். அதில் கட்டிய அணு மாதிரியைச் சரிபார்க்க, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் தந்த வரைபடத்தில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முதுகெலும்புச் சங்கிலி திரும்பும் ஃபை, சை கோணங்களைக் குறிக்கவும். லைசோசைமில் 12 கிளைசின்கள் உண்டு. அவற்றில் சில அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே விழும். பக்கச் சங்கிலி இல்லாததால் அவற்றுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, திருத்த வேண்டாம். கிளைசின் அல்லாத ஒன்று வெளியே நின்றால் அந்த இடத்து எலக்ட்ரான் அடர்த்தியைத் திறந்து, முதுகெலும்பின் பெப்டைடுத் தளம் திரும்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.